அத்தையின் சிற்றலை அட்டைகள்

அத்தை இறந்து மூன்று மாதங்கள் கழிந்த பிறகு, அவருடைய மேசையை ஒழித்துத் தரும்படி மாமா என்னைக் கேட்டார். துணிமணிகளையும் புத்தகங்களையும் உறவினர்கள் ஏற்கெனவே பிரித்து எடுத்துச் சென்றுவிட்டார்கள். யாரும் கைவைக்கத் துணியாமல் எஞ்சியிருந்தது அந்த மேசை மட்டும்தான். மேசையின்மேல் இரண்டு வானொலிப் பெட்டிகளும் ஒரு கேசட் ரெக்கார்டரும் இருந்தன. அவற்றில் ஒன்றின் முதுகிலிருந்து கிளம்பிய செப்புக் கம்பி சன்னல் வழியாக வெளியே போயிற்று. சுவரில் இரண்டு கடிகாரங்கள் தொங்கின. மேசைக்கு அடியில் நான்கு செருப்புப் பெட்டிகள் இருந்தன.

"உங்க அத்தை சமாச்சாரம் எனக்கு ஒண்ணும் புரியாதும்மா. எதை வெச்சுக்கணும், எதைக் குடுத்துடலாம்னு நீயே பாத்துச் சொல்லு" என்றார் மாமா.

அத்தை முப்பத்துமூன்று ஆண்டுகள் சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலி கேட்டவர். பாட்டுக்காகவோ செய்திக்காகவோ அவர் கேட்கவில்லை. எவ்வளவு தொலைவிலிருந்து, எவ்வளவு மெலிந்த ஒலியைப் பிடிக்க முடிகிறது என்பதற்காகவே கேட்டார். இந்தப் பழக்கத்துக்கு டிஎக்ஸிங் என்று பெயர். தந்திக்காரர்கள் தொலைவு என்ற பொருளில் பயன்படுத்திய டிஎக்ஸ் என்ற சுருக்கத்திலிருந்து வந்த சொல் அது. ஒரு நிலையத்தைக் கேட்டால், எந்த நாள், எந்த நேரம், எந்த அதிர்வெண், என்ன நிகழ்ச்சி, ஒலி எப்படி இருந்தது என்ற விவரங்களை எழுதி அந்த நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் தங்கள் ஒலிபரப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, நீங்கள் கேட்டது எங்களைத்தான் என்று உறுதிசெய்து ஓர் அட்டை அனுப்புவார்கள். அதுதான் க்யூஎஸ்எல் அட்டை. 'பெற்றுக்கொண்டதை உறுதிசெய்கிறேன்' என்பதற்கான தந்திக் குறியீடே அதற்குப் பெயராயிற்று. அத்தையின் நான்கு செருப்புப் பெட்டிகளிலும் அந்த அட்டைகள்தான் இருந்தன. எண்ணிப் பார்த்தேன், 412.

ஒலிபரப்பவும் உரிமம் பெற்ற ஹாம் வானொலிக்காரர்கள், தங்களில் ஒருவர் இறந்துவிட்டால் அவரைச் 'சைலண்ட் கீ' என்று குறிப்பிடுவார்கள். இனி தட்டப்படாத தந்திச் சாவி என்று பொருள். வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அப்படி ஒரு சொல் இல்லை. அவர்கள் இருந்த காலத்திலும் அவர்களிடமிருந்து எந்த ஒலியும் வெளியே போகவில்லை என்பதால், அவர்கள் நின்றுபோனது காற்றில் யாருக்கும் தெரிவதில்லை. அந்த அட்டைகளைக் கையில் எடுத்தபோது இதுதான் என்னை மிகவும் வருத்தியது. அதனால்தானோ என்னவோ, அவற்றை நன்றாகப் பேண வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு பெரிய தவறைச் செய்துவிட்டேன்.

முதல் நாள் மாலையிலேயே 412 அட்டைகளையும் தரையில் பரப்பி, நாடு வாரியாகப் பிரித்தேன். ஆஸ்திரேலியா ஓர் அடுக்கு, நெதர்லாந்து ஓர் அடுக்கு, சுவிட்சர்லாந்து, கனடா, எக்வடோர் என்று கண்டம் கண்டமாக அடுக்கினேன். அட்டைகளுக்கு நடுவே விரல் அகலத்தில் நறுக்கிய வெள்ளைத் தாள் துண்டுகள் செருகப்பட்டிருந்தன. அவற்றில் பென்சிலால் 49, 31, 25, 19 என்று எண்கள் மட்டும் எழுதப்பட்டிருந்தன. அவை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. எண்ணிக்கையாக இருக்கும் என்று எண்ணினேன். எண்ணிப் பார்த்தேன், பொருந்தவில்லை. குப்பைப் பையில் போட்டுவிட்டேன். மறுநாள் காலையில் பையும் போய்விட்டது.

ஒரு வாரம் கழித்து, அத்தையின் பதிவேடுகளைத் திறந்தபோதுதான் நான் செய்தது என்னவென்று புரிந்தது. ஏழு நீண்ட நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. பக்கத்துக்கு ஆறு பத்திகள்: தேதி, நேரம், அதிர்வெண், நிலையம், ஐந்து இலக்க எண் ஒன்று, குறிப்பு. அதிர்வெண் பத்திக்கு மேலே, சிறிய எழுத்தில், அதே 49, 31, 25, 19 ஆகிய எண்கள் இருந்தன. அவை மீட்டரில் சொல்லப்படும் அலைநீளங்கள். சிற்றலை ஒலிபரப்புக்கு ஒதுக்கப்பட்ட பகுதிகளை வானொலி நேயர்கள் இப்படித்தான் அழைப்பார்கள்: ஏறத்தாழ 5,900 முதல் 6,200 கிலோஹெர்ட்ஸ் வரை 49 மீட்டர், 9,400 முதல் 9,900 வரை 31 மீட்டர், 11,600 முதல் 12,100 வரை 25 மீட்டர். அதிர்வெண் ஏற ஏற அலைநீளம் குறையும். அத்தை தன் அட்டைகளை நாடு வாரியாக வைக்கவில்லை, வந்த தேதி வாரியாகவும் வைக்கவில்லை. வானொலிப் பெட்டியின் முள்ளை இடமிருந்து வலமாக நகர்த்தினால் எந்த வரிசையில் நிலையங்கள் வருமோ அந்த வரிசையில் வைத்திருந்தார். நான்கு செருப்புப் பெட்டிகளும் சேர்ந்து ஒரு நீண்ட டயலாக இருந்தன. அந்த டயலைத்தான் நான் கலைத்துவிட்டேன்.

ஆவணக் காப்பகத்தில் பணிபுரிபவர்களுக்கு இது முதல் பாடம். ஒருவருடைய தாள்கள் எந்த வரிசையில் இருந்தனவோ அந்த வரிசையும் ஓர் ஆவணமே. அதைக் கலைத்துப் புதிதாக அடுக்கக் கூடாது. பெர்லினில் இருந்த பிரஷ்ய அரசு ஆவணக் காப்பகம் 1881-லேயே இதை விதியாக வகுத்தது. நாடு வாரியாக அடுக்குவது வெளியாளின் பார்வை. அஞ்சல்தலை சேர்ப்பவருக்கு அது பொருந்தலாம். இருட்டில் அமர்ந்து ஒரு குமிழைத் திருகிக்கொண்டிருப்பவருக்கு உலகம் நாடுகளாக வருவதில்லை. ஆப்பிரிக்க நிலையம் ஒன்றுக்கும் ஐரோப்பிய நிலையம் ஒன்றுக்கும் நடுவே ஐந்து கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. அவருக்கு அவை அடுத்தடுத்த வீடுகள். இறந்தவருடைய பொருள்களைத் தொடுமுன் இருந்தபடியே படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன். பெட்டியைத் திறந்ததும் ஒரு படம், மேல் அடுக்கை எடுத்ததும் ஒரு படம், இடையில் கிடக்கும் துண்டுத் தாள் எதுவாயினும் அதற்கும் ஒரு படம்.

வரிசையை மீட்டெடுக்க முடியும் என்று தோன்றியது. பெரும்பாலான அட்டைகளின் பின்புறத்தில் அதிர்வெண் தட்டச்சு செய்யப்பட்டோ கையால் எழுதப்பட்டோ இருந்தது. 375 அட்டைகளை இரண்டே நாளில் அடுக்கிவிட்டேன். எஞ்சிய 37 அட்டைகளில், "உங்கள் அறிக்கைக்கு நன்றி, அது சரியானதே" என்பதற்கு மேல் எதுவும் இல்லை. தேதி மட்டும் இருந்தது. அவற்றுக்குரிய இடத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பதிவேட்டில் அந்தத் தேதியைத் தேடுவதுதான். அப்படித்தான் அத்தையின் ஏழு நோட்டுகளையும் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

முதல் தடை நேரம். எந்த நேரமும் அன்றாட வாழ்க்கையோடு பொருந்தவில்லை. சுவரில் இருந்த இரண்டாவது கடிகாரத்தைப் பார்த்தபோது விளங்கியது. சிறுவயதில் அது ஓடாத கடிகாரம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். உலகெங்கும் நேயர்கள் ஒரே நேரக் கணக்கில் எழுத வேண்டும் என்பதற்காக யூடிசி எனப்படும் பொது நேரத்தில் வைக்கப்பட்ட கடிகாரம் அது. மாமா அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பும் பேட்டரி மாற்றியிருக்கிறார். நேரம் தப்பாமல் வைக்கவும் செய்திருக்கிறார். எதற்கு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லையாம்.

அடுத்தது அந்த ஐந்து இலக்க எண். 45444 என்றும் 23232 என்றும் ஒவ்வொரு வரியிலும் இருந்தது. இது சின்போ எனப்படும் அளவுமுறை. முதல் இலக்கம் ஒலியின் வலிமை, இரண்டாவது மற்ற நிலையங்களின் குறுக்கீடு, மூன்றாவது இரைச்சல், நான்காவது ஒலி ஏறி இறங்கும் தன்மை, ஐந்தாவது மொத்தத் தரம். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பு, ஐந்தே சிறந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு பதிவேடு பேசத் தொடங்கியது. 55555 என்ற எண் ஏழு நோட்டுகளிலும் பதினொரு இடங்களில்தான் வருகிறது. அத்தை யாரையும் எதற்கும் எளிதில் முழுமையாகப் பாராட்டியவர் அல்லர். ஆனால் 21222 என்று எழுதிய வரிகளில்தான் குறிப்புகள் மிக நீளமாக இருக்கின்றன. கேட்கவே முடியாத ஒன்றைக் கேட்பதற்குத்தான் அவர் அதிகம் மெனக்கெட்டிருக்கிறார்.

குறிப்புப் பத்தியில் பல இடங்களில் 'பறவை' என்று மட்டும் இருந்தது. ரேடியோ ஆஸ்திரேலியா தன் ஒலிபரப்பின் அடையாளமாகக் குக்கபுரா பறவையின் சிரிப்பொலியை வைத்திருந்தது. அதைக் கேட்டதுமே நிலையம் எதுவென்று அவருக்குத் தெரிந்திருக்கும். இன்னொரு குறிப்பு என்னை வெகு நேரம் நிறுத்திவைத்தது: '10,000. முதலில் பெண், பிறகு ஆண்.' அமெரிக்காவின் நேரக்குறி நிலையங்கள் இரண்டு ஒரே அதிர்வெண்ணில் இயங்குகின்றன. கொலராடோவில் இருப்பது டபிள்யூ டபிள்யூ வி, ஹவாய் மாநிலத்தில் இருப்பது டபிள்யூ டபிள்யூ வி எச். ஒவ்வொரு நிமிடமும் நேரத்தை அறிவிப்பார்கள். ஹவாயின் பெண்குரல் நிமிடம் பிறப்பதற்குச் சுமார் பதினைந்து வினாடிகளுக்கு முன்பும், கொலராடோவின் ஆண்குரல் ஏழரை வினாடிகளுக்கு முன்பும் வரும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இரண்டையும் ஒரே நிமிடத்தில் கேட்பதென்றால் இரு வேறு பாதைகளும் ஒரே சமயத்தில் திறந்திருக்க வேண்டும். அந்த வரியின் கீழ் அத்தை ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டிருந்தார். ஏழு நோட்டுகளிலும் வேறெந்த வரிக்கும் கீழே கோடு இல்லை.

படித்துக்கொண்டே போனபோது, 1995, 1996 ஆண்டுகளில் 13 மீட்டர் பகுதியில் பதிவுகள் ஏறத்தாழ இல்லாமலே போனதைக் கவனித்தேன். அந்த ஆண்டுகளில் அத்தை வேலை மாறினார், அலைச்சல் மிகுதி. அதனால் ஆர்வம் குறைந்துவிட்டது என்று நானே ஒரு கதையைக் கட்டிக்கொண்டேன். ஆனால் 1989 முதல் 1991 வரை அதே பகுதியில் பக்கம் பக்கமாகப் பதிவுகள். 2000 முதல் 2002 வரை மறுபடியும் பக்கம் பக்கமாக. 2007 முதல் 2009 வரை மறுபடியும் ஒன்றுமில்லை. அப்போதுதான் உறைத்தது. அது அத்தையின் மனநிலை அல்ல, சூரியன்.

பூமிக்கு மேலே, சூரியனின் புற ஊதாக் கதிர்களால் அணுக்கள் மின்னேற்றம் பெற்ற அடுக்குகள் இருக்கின்றன. அயனி மண்டலம் என்று சொல்வது அதைத்தான். அப்படி ஓர் அடுக்கு இருக்க வேண்டும் என்று கென்னலியும் ஹெவிசைடும் 1902-இல் தனித்தனியே கணித்தார்கள். 1924-இல் ஆப்பிள்டன் சோதனை மூலம் நிறுவினார். அதற்காக அவருக்கு 1947-இல் நோபல் பரிசும் கிடைத்தது. சிற்றலைகள் அங்கே முட்டி வளைந்து தரைக்குத் திரும்பி, மறுபடி மேலெழுந்து, இப்படித் தாவித் தாவித்தான் கடல்களைக் கடக்கின்றன. சூரியப் புள்ளிகள் ஏறத்தாழப் பதினோராண்டுச் சுழற்சியில் கூடிக் குறைகின்றன. அவை மிகும் காலத்தில் மேல் அடுக்கு நன்றாக மின்னேற்றம் பெற்று 13 மீட்டர் போன்ற உயர் அதிர்வெண்களையும் திருப்பி அனுப்பும். குறையும் காலத்தில் அவ்வலைகள் ஊடுருவி விண்வெளிக்குப் போய்விடும். 1989-இலும் 2001-இலும் சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருந்தது. 1996-இலும் 2008-இலும் அடியில் கிடந்தது. அந்த மெலிந்த ஆண்டுகளில் அத்தை சோர்ந்துவிடவில்லை. கீழே இறங்கி 49 மீட்டரிலும் 31 மீட்டரிலும், இரவு நேரங்களில், முன்னைவிட அதிகமாகக் கேட்டிருக்கிறார். தன் ஓய்வுநேரத்தை ஒரு விண்மீனின் போக்குக்கேற்ப மாற்றி அமைத்துக்கொண்ட ஒருவரை, வேலைப்பளுவால் பொழுதுபோக்கைக் கைவிட்டவர் என்று நான் எழுதிவைத்திருப்பேன். பதிவேட்டின் ஒரு பத்தியை மட்டும் பார்த்திருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும்.

வானொலிப் பெட்டிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒன்றுக்குள் விட்டுவைத்த பேட்டரிகள் கசிந்து தகடுகளைப் பச்சையாக அரித்திருந்தன. வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்துச் சரிசெய்தோம். இன்னொன்று பழைய வால்வு ரேடியோ. பல ஆண்டுகள் மின்சாரம் காணாத வால்வுப் பெட்டியை நேராகச் செருகி இயக்கக் கூடாது. உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் காய்ந்துபோயிருக்கலாம், அங்கே பாயும் மின்னழுத்தம் ஆளைக் கொல்லக்கூடியது. விவரம் அறிந்த ஒருவரிடம் அதை ஒப்படைத்தேன். கேசட்டுகளின் மேல்விளிம்பில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் தடுப்புகள் அத்தனையையும் அத்தை உடைத்துவிட்டிருந்தார். அப்படிச் செய்தால் தவறுதலாகக்கூட அதன்மேல் வேறொன்றைப் பதிவுசெய்ய முடியாது. வீட்டில் நாங்கள் பாட்டுப் பதிந்துகொள்ள ஓயாமல் கேசட் தேடிய காலம் அது.

அட்டைகள் இப்போது மதிப்புள்ளவை என்று மாமாவிடம் சொன்னேன். சுவிஸ் வானொலி 2004-இலும், கனடா, நெதர்லாந்து வானொலிகள் 2012-இலும், ரேடியோ ஆஸ்திரேலியா 2017 ஜனவரியிலும் சிற்றலையிலிருந்து விடைபெற்றுவிட்டன. ஒலிபரப்பிகளைக் கழற்றிவிட்ட பிறகு, இந்த இடத்திலிருந்து கிளம்பிய ஒலி இவ்வளவு தொலைவில் இப்படிக் கேட்டது என்பதற்கு நேயர்களின் பதிவேடுகளும் இந்த அட்டைகளுமே சான்று. அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்திலும், வியன்னாவிலும் இத்தகைய அட்டைகளைப் பாதுகாக்கும் தொகுப்புகள் இருக்கின்றன. மாமா நெடுநேரம் யோசித்துவிட்டு, "குடுக்கலாம். ஆனா அவ வெச்சிருந்த மாதிரியே குடுக்கணும்" என்றார்.

37 அட்டைகளில் 36-க்குப் பதிவேட்டில் இடம் கிடைத்துவிட்டது. ஒன்று மட்டும் மிஞ்சியது. மலைமுகடு ஒன்றின் படம் போட்ட, ஓரம் மடங்கிய அட்டை. கேட்ட நாள் 2001 மே 14 என்று இருந்தது. பதிவேட்டைத் திருப்பினேன். 2001 மார்ச் மாதத்துடன் வரிகள் நின்று, அடுத்த வரி ஆகஸ்டில் தொடங்குகிறது. 13 மீட்டரில் மட்டுமன்று, எல்லா அலைநீளங்களிலும் வெறுமை. சூரியன் உச்சத்தில் இருந்த ஆண்டு அது. டிஎக்ஸ் பழக்கம் உள்ள எவரும் வானொலியை விட்டு அகலாத காலம். இந்த வெறுமைக்கு வானத்தில் காரணமில்லை.

காரணம் எனக்கே தெரிந்ததுதான். அந்த ஆண்டு அப்பா படுத்தபடுக்கையாக இருந்தார். தன் அண்ணனைப் பார்த்துக்கொள்ள அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு மாதங்கள் தங்கினார். இரவில் அம்மாவைத் தூங்கச் சொல்லிவிட்டு அவரே கட்டிலருகே உட்கார்ந்திருப்பார். நான் தண்ணீர் குடிக்க எழுந்து வரும்போதெல்லாம் அவருடைய ஒரு காதிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று மடிக்குள் இறங்கியிருக்கும். பாட்டு கேட்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். மற்றொரு காது அப்பாவின் பக்கம் இருக்கும். அப்பா அந்த முறை பிழைத்து எழுந்துவிட்டார். அத்தை தன் பதிவேட்டை எங்கள் வீட்டுக்கு எடுத்துவரவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

அம்மாவிடம் போய்க் கேட்டேன். அந்த நாள்களில் மாத்திரை நேரமும் காய்ச்சலும் குறித்துவைத்த சிறிய நோட்டை அம்மா இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். மருத்துவமனையில் கேட்டால் காட்டுவதற்காக எழுதியது. பகல் வரிகள் அம்மாவின் சாய்ந்த எழுத்து, இரவு வரிகள் அத்தையின் நிமிர்ந்த எழுத்து. மே 14-ஆம் தேதிப் பக்கத்தில், காய்ச்சல் 101.2, மாத்திரை கொடுத்தாயிற்று, தண்ணீர் அரை டம்ளர் என்ற வரிகளுக்கு அருகே, ஓரமாகப் பென்சிலால் சிறிதாக இரண்டு எண்கள் இருந்தன: 9 745, 34333.

"அது ஏதோ டாக்டர் நம்பர்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார் அம்மா.

அன்று மாலையே மாமா வீட்டுக்குப் போனேன். விரல் அகலத்தில் தாள் துண்டுகளை நறுக்கி, பென்சிலால் 49, 31, 25, 19 என்று எழுதி அந்தந்த இடத்தில் செருகினேன். இரண்டாவது செருப்புப் பெட்டியில், 31 என்ற துண்டுக்குப் பின்னால், 9,740 கிலோஹெர்ட்ஸ் அட்டைக்கும் 9,760 கிலோஹெர்ட்ஸ் அட்டைக்கும் நடுவே விரலை விட்டுப் பிளந்து, மலைமுகடு அட்டையை உள்ளே வைத்தேன். மாமா பெட்டியை மூடினார்.